தட்டில் இல்லாத கல்

தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், சுரங்க ஆட்கள் குடியிருக்கும் லைனில் காத்தவராயன் மேஸ்திரி வரும்போது முதலில் வருவது அவருடைய தலைப்பாகை. மேஸ்திரி அதற்குப் பின்னால்தான் வருவார். எட்டு முழ மல் துணி. கஞ்சி போட்டு, விறைக்கக் காயவைத்து, சுற்றின் மேல் சுற்றாக ஏற்றி, கடைசி முனையை வலது காதுக்கு மேலே விசிறியாக விரித்துவிடுவார். துவைத்த அன்று அவர் அதைக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் கூழ் கரைத்துக் குடித்து, சட்டியும் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் அதே தலைப்பாகைதான். மேலே இருக்கும் பாறை கீழே வேலை செய்கிறவர்கள் தலையில் விழாதபடி மரத்தால் முட்டுக் கொடுக்கிற கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. தலைப்பாகையின் முன்பக்கத்தில் ஒரு களிமண் உருண்டை, அதில் செருகிய மெழுகுவத்தி. பாறைக்கும் தலைக்கும் நடுவில் அந்தத் துணி ஒன்றுதான். எத்தனையோ சில்லுகள் அதன்மேல் விழுந்திருக்கின்றன. அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தத் தலைப்பாகையின் பெருமை சுரங்கத்துக்குள் இல்லை, வெளியே கேட்டில் இருந்தது. ஷிப்டு முடிந்து மேலே வருகிற ஒவ்வொருவனையும் சோதனைக் கொட்டகையில் நிறுத்துவார்கள். வாயைத் திற, குடுமியை அவிழ், வேட்டியை உதறு, தலைத்துணியைப் பிரி. தங்கம் விளைகிற இடத்தில் மனிதனை நம்புவதில்லை. ஒரு துண்டுக் கல் மடியில் இருந்தாலும் ஜெயில். காத்தவராயன் மேஸ்திரிக்கு மட்டும் அந்தச் சோதனை கிடையாது. பல வருஷங்களுக்கு முன்னால், அச்சு வெல்லம் அளவுக்கு மின்னிய ஒரு தங்கக் கட்டியைக் கண்டெடுத்து, யாரும் பார்க்காத இடத்திலும் பதுக்காமல், நேரே அப்போது சுரங்கத்துக்கு அதிகாரியாக இருந்த காப்டன் துரை கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். "இந்த ஆளின் தலைப்பாகையைத் தொடக்கூடாது" என்று காப்டன் அன்று கேட்டில் சொல்லிவிட்டுப் போனார். காப்டன் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். உத்தரவு இங்கேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு மேஸ்திரிக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்.

"இன்னாங்க, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்றீங்களே, உப்பு வாங்கியாந்தீங்களா?" என்பாள் அவர் மனைவி கிருஷ்ணம்மா.

"எந்தத் தலைப்பாகையப் பார்த்துப் பேசற? கேட்ல அவுராத தலைப்பாகைடி இது!"

"அதுல உப்பு கீதா?"

கிருஷ்ணம்மாவுக்கு அதன் அருமை தெரியாது. வாராவாரம் அதைத் துவைக்கிறவள் அவள்.

அந்த வருஷம் அவருடைய கடைசி மகள் பாக்கியவதி, கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலூரிலிருந்து வந்த ஜூடித் டீச்சர் நடத்திய பள்ளிக்கூடம். பெண்பிள்ளைக்கும் நாலெழுத்து தெரிந்தால் குடும்பத்துக்குக் கௌரவம் என்று மேஸ்திரியே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு நாள் அவள் முழங்கை வரை களிமண்ணோடு வீடு வந்தாள்.

"இன்னாடி இது?"

"பாடம் நைனா."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொட்டகையில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஜூடித் டீச்சர், அவர் புடவையிலும் மண்.

"டீச்சரம்மா, எங்க வம்சத்துல மண்ணத் தொட்டுப் பொம்ம செஞ்சவன் எவனும் இல்ல. நான் பொண்ண அனுப்பிச்சது படிக்க."

"வாங்க மேஸ்திரி ஐயா. நீங்க தினம் எங்க வேலை செய்யறீங்க?"

"இது இன்னா கேள்வி? சொரங்கத்துல."

"அது மண்ணுக்குள்ளதானே இருக்குது?"

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. மேஸ்திரி தலைப்பாகையின் விசிறியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

டீச்சர் அவரைச் சீண்டுவதற்காகச் சொல்லவில்லை. கை செய்ததை மனசு மறக்காது என்பது அவருடைய கட்சி. பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது ஒரு சுரங்கம். களிமண்ணால் குன்று, குன்றுக்குள் குடைந்த வழிகள், நூல் உருளை மேலே ஓடும் கயிறு, கயிற்றில் தொங்கும் தீப்பெட்டி. ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் அந்தத் தீப்பெட்டிதான். அப்பாக்கள் எங்கே போகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

மேஸ்திரி குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"முட்டு எங்க?"

"எது ஐயா?"

"முட்டு! இந்த வழிக்கு மேல இவ்ளோ மண்ணு கீது, கீழ தாங்கறதுக்கு ஒரு குச்சிகூட இல்ல! ஆள் சாவான்! யார்ரா இதுக்கு மேஸ்திரி?"

"நான்தான்" என்றான் வின்னி. அவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

கண்டிக்கப் போனவர், மூங்கில் சிம்பு கொண்டுவரச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை அந்தச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். முழங்கை வரை மண்ணோடு வந்து நின்ற அவரைக் கிருஷ்ணம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"பாடமா?" என்றாள்.

டீச்சரிடம் இன்னொரு பாடமும் இருந்தது. தட்டு விளையாட்டு. ஒரு பெரிய தாம்பாளத்தில் பல சாமான்களைப் பரப்பித் துணியால் மூடி வைப்பார். துணியை விலக்கியதும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். சும்மா இல்லை. என்ன நிறம், எந்த ஓரம் உடைந்திருக்கிறது, எதற்குப் பக்கத்தில் எது. பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். டீச்சர் ஒன்றை எடுத்து மறைத்துவிடுவார். திரும்பியதும் எது காணோம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் பிள்ளைகள் தடுமாறின. போகப்போக, லைன் வீடுகளில் பெரியவர்களுக்கு வாழ்க்கை கஷ்டமாகிவிட்டது. "மாமா, காலைல ஜேபில ரெண்டு சுருட்டு இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் கீது" என்று, சுருட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த இன்னொரு மேஸ்திரி பர்னபாஸைப் பார்த்து, அவர் மனைவிக்கு முன்னாலேயே வின்னி சொன்னான். கம்பெனிக் கணக்கப்பிள்ளை பிள்ளைகளைக் கண்டால் வேறு சந்தில் நடக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தின் பரிசு நாள் வந்தது. தலைமை தாங்க வாட்ச் துரை வருவதாக ஏற்பாடு. சுரங்கத்துக் காவலுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. கேட்டில் நடக்கிற சோதனை அவருடைய உத்தரவில் நடப்பது. அவருக்கு முன்னால் தட்டு விளையாட்டைக் காட்ட, பிள்ளைக்கு ஒரு சாமான் வீட்டிலிருந்து கொண்டுவரும்படி டீச்சர் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி தன் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து மகளிடம் நீட்டினார்.

"அது வேணாம் நைனா. வின்னியும் வெத்தலப் பெட்டிதான் கொண்டாரானாம். நான் வேற ஒண்ணு எடுத்து வெச்சிகினு கீறேன்."

"நம்ம வம்சத்துப் பேர் சொல்ற மாதிரி இருக்கணும், தெரிதா?"

"சொல்லும் நைனா" என்றாள் பாக்கியவதி.

பரிசு நாளன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒரு பக்கம் பாயில், ஆண்கள் ஒரு பக்கம் பெஞ்சில். வாட்ச் துரைக்கு நாற்காலி. அவருக்குப் பக்கத்திலேயே, முதல் பெஞ்சில், பர்னபாஸ் மேஸ்திரியும் காத்தவராயன் மேஸ்திரியும். துரையிடம் வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று காத்தவராயன் ஒரு நல்ல எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். பர்னபாஸிடம் சாமந்தி மாலை.

பிள்ளைகள் செய்த சுரங்கத்தைத் துரை முதலில் பார்த்தார். தீப்பெட்டி கேஜை ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். டீச்சர் கனைத்த பிறகுதான் கயிற்றை விட்டார்.

"முட்டு ரொம்ப பலம்" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். பெருமையை அடக்க அவர் கையாளும் முறை அது.

பிறகு டீச்சர் தாம்பாளத்தை முக்காலியில் வைத்துத் துணியை விலக்கினார். பிள்ளைகள் முன்னே சாய்ந்தன. பம்பரம், வெண்கல மணி, சாவி, மயிலிறகு, எருமைக்கொம்புச் சீப்பு, சோழி, வின்னியின் வெற்றிலைப் பெட்டி. காத்தவராயனும் தன் மகள் கொண்டுவந்தது எது என்று ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

மயிலிறகுக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு கல். எலுமிச்சம்பழ அளவு. ஒரு பக்கம் வெள்ளை, ஓரத்தில் நீலம் ஓடிய கருமை. குறுக்கே, மஞ்சளாக ஒரு கோடு பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி எட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டார்.

அது சுரங்கத்துக் கல். பூமிக்கு மேலே எந்தப் பிள்ளையும் அப்படிப்பட்ட கல்லைப் பொறுக்க முடியாது. பிள்ளைகள் வரிசையைப் பார்த்தார். பாக்கியவதி அவரையே பார்த்துக்கொண்டு, 'எப்படி?' என்று புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னா மேஸ்திரி, இப்பிடி வேர்க்குது?" என்றார் பர்னபாஸ்.

"தகரக் கொட்டா. சூடு."

வாட்ச் துரை தட்டைப் பார்க்கவில்லை. பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி ஜேபியில் இருந்தது. கடவுள் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

"திரும்புங்க!" என்றார் டீச்சர். பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பின. டீச்சர் சீப்பை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு, துரை பார்த்தாரா என்று சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினார். அந்தச் சமயம் பார்த்துப் பர்னபாஸ் மாலையோடு எழுந்தார். துரை தலை குனிந்தார். எல்லார் கண்ணும் மாலை மேல்.

காத்தவராயன் மேஸ்திரியும் எழுந்தார். முக்காலியைத் தாண்டும்போது துண்டு ஒரு பக்கம் சரிந்தது. சரிந்த துண்டுக்குள் கை போயிற்று. எலுமிச்சம்பழம் தட்டில் இறங்கியது, கல் கைக்கு ஏறியது.

துரைக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் கொடுப்பதற்குப் பழம் இல்லை என்று நினைவு வந்தது. துரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். மேஸ்திரி ஒரு சலாம் போட்டார். துரை கையை எடுக்கவில்லை. இன்னொரு சலாம் போட்டார். நீட்டிய கையைத் துரை என்ன செய்வதென்று தெரியாமல் மாலையைத் தடவிக்கொண்டார். மேஸ்திரி இடத்துக்கு வந்து உட்கார்ந்து, தலைப்பாகையைச் சரிசெய்வது போலக் கல்லை இடதுபக்கச் சுற்றுக்குள் திணித்தார். மூச்சு விட்டார். எங்கும் எந்தக் காவல்காரனும் தொடாத இடம் அது.

"இப்ப பாருங்க!" என்றார் டீச்சர். "எது காணோம்?"

"சீப்பு!" என்று கொட்டகை அதிர்ந்தது. துரை கைதட்டினார். டீச்சர் முந்தானையிலிருந்து சீப்பை எடுத்துக் காட்டினார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கலாம்.

"டீச்சர், கல்லும் காணோம்" என்றான் வின்னி.

"கல்லா?"

"ஆமா டீச்சர்! அந்த எடத்துல எலுமிச்சம்பழம் கீது. முன்ன இல்ல!"

"முன்ன இல்ல! முன்ன இல்ல!" என்றன எல்லாப் பிள்ளைகளும்.

டீச்சர் குழம்பினார். "நான் சீப்பு மட்டுந்தான் எடுத்தேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, கண்ணுங்களா."

அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை நாள் படித்த படிப்பைச் சந்தேகிப்பதா? ஒவ்வொன்றாக எழுந்து அடுக்கின.

"மயிலிறகுக்குப் பக்கத்துல இருந்துச்சு டீச்சர்!"

"ஒரு மூலை ஒடஞ்சி இருந்துச்சு!"

"வெள்ளையா, ஓரத்துல நீலமா!"

"நடுவுல மஞ்சக் கோடு! பளபளன்னு!"

தான் முட்டுக் கொடுத்த பள்ளிக்கூடம் தன் தலைமேலேயே சரிவதை மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கோடு என்ற சொல் காதில் விழுந்ததும் வாட்ச் துரையின் வாயிலிருந்து பைப் வெளியே வந்தது. கண்ணாடி மூக்குக்கு ஏறியது. அவர் இப்போது பரிசு கொடுக்க வந்த துரை இல்லை.

"கதவைச் சாத்து" என்றார், வாசலில் நின்ற கேட் சிப்பாய் வாசுவிடம். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "தட்டு உங்கள் பொறுப்பு. கல்லை எடுத்தது யார்?"

"எனக்குத் தெரியலீங்க ஐயா."

"நீங்கள்தான் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் கூடையைத் திறங்கள். பிறகு ஒவ்வொருவராகச் சோதிக்க வேண்டும். பெண்களைப் பெண்கள் பார்க்கட்டும்." துரை சுற்றிலும் பார்த்து நிறுத்தினார். "காத்தவராயன் மேஸ்திரி மட்டும் வெளியே போகலாம். அவரைச் சோதிப்பது வழக்கம் இல்லை."

ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த கொட்டகையில், வாட்ச் துரை வாயாலேயே அந்தச் சொல் வந்தது. எத்தனை வருஷமாக மேஸ்திரி ஏங்கிய காட்சி! எல்லாரும் அவருடைய தலைப்பாகையையே பார்த்தார்கள். அதற்குள் இருந்த கல் அம்மிக்குழவி போல் கனத்தது.

எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார். வெளியே போய்விட்டால் போதும். கல்லைக் குட்டையில் வீசிவிடலாம், பேரும் பிழைக்கும். பின்னால் ஜூடித் டீச்சர் கூடையைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. நூல் உருளைகள் உருண்டோடின. உலர்ந்த களிமண் உருண்டை ஒன்று அவர் காலடிக்கு வந்து நின்றது.

பிள்ளைகள் வரிசையைத் தாண்டும்போது பாக்கியவதி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா" என்று கிசுகிசுத்தாள். "உன் தலப்பாக காலைல மாதிரி இல்ல. இந்தாண்டப் பக்கம் பொடைச்சிகினு கீது."

மேஸ்திரி அவளை ஒரு பார்வை பார்த்தார். சுரங்கத்தில் ஆட்களை நடுங்க வைக்கிற பார்வை. குழந்தை வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்தி, அவர் தலைப்பாகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது.

அதைத்தான் மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. தட்டில் கிடந்ததையெல்லாம் நெஞ்சில் எழுதி வைக்கப் பழகிய பிள்ளை, இப்போது பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பழகியது. அதைக் கற்றுக் கொடுத்த வாத்தியார் அவர்தான். அவருடைய வம்சத்தில் எவனும் திருடியதில்லை. ஆனால் இந்தக் கொட்டகையில் கல்லைத் திருடியவர் ஒருவர்தான். பழியை வாங்கிக்கொண்டு நிற்பவரோ, அந்தக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தந்த பெண்.

வாசு அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டான். மேஸ்திரி திரும்பினார்.

"டீச்சரம்மா, கூடைய மூடுங்க" என்றார். "துரை, அந்தம்மா மேல பழி போடாதீங்க."

கை மேலே போயிற்று. விசிறி முனை சரிந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்தத் தலையை வெறுமையாக ஊரிகத்தில் யாரும் பார்த்ததில்லை. உச்சியில் வழுக்கை என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் கல் நழுவி விழுந்து, தரையில் உருண்டு, துரையின் பூட்ஸில் முட்டி நின்றது.

"அதுதான் டீச்சர்! அதே கல்லு!" என்றான் வின்னி ஆனந்தமாக.

"மேஸ்திரி!" என்றார் துரை. நம்ப முடியாத குரல். "நீயா? இது உனக்கு எப்படி வந்தது?"

"இங்க தட்டுலேர்ந்து எடுத்தது நான். என் பேரக் காப்பாத்திக்க எடுத்தேன். தட்டுக்கு எப்பிடி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"நான் கொண்டாந்தேன்" என்று பாக்கியவதி எழுந்து நின்றாள். "எங்க நைனா தலப்பாகலேர்ந்து வுழுந்தது. வம்சத்துப் பேர் சொல்ற மாதிரி கொண்டாரச் சொன்னாரு."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து கிருஷ்ணம்மா எழுந்தாள். துரை, சிப்பாய் என்று பார்க்கிறவள் இல்லை அவள்.

"இத கேளுங்க துரை. வாராவாரம் நான்தான் தொவைக்கிறேன். மேல வுழற சில்லெல்லாம் அந்தச் சுத்துக்குள்ள பூந்துக்குது. மத்தவங்க தலத்துணிய கேட்லயே ஒதறிடறாங்க. இவுரு அப்பிடியே கழட்டி ஆணில மாட்டுவாரு, ஒதறினாத்தானே? ஒதறச் சொன்னா 'கேட்ல அவுராத தலப்பாக'ம்பாரு! தொவைக்கிற கல்லுல நான் ஒதறினா கொட்டுது, பொறிகடலை மாதிரி. எல்லாத்தையும் கருவேப்பில மரத்தடில கொட்டி வெச்சிருக்கேன், தண்ணி நிக்கட்டும்னு. வேணும்னா ஆள் அனுப்பிப் பாருங்க!"

"இவ்வளவு பெரிய கல்லுமா?" என்றார் துரை, தரையைக் காட்டி.

"அது வுழுந்த அன்னிக்கு இவுருக்கு மூணு நாள் தலவலி. பாறைல இடிச்சிகிட்டேன்னாரு. கல்லு உள்ளயே கீதுன்னு அவுருக்கே தெரில."

கொட்டகை இனி அடங்காமல் சிரித்தது. பர்னபாஸ் மேஸ்திரி பெஞ்சிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டார்.

துரை சிரிக்கவில்லை. வாசுவை அனுப்பினார். அவன் ஓடிப்போய் வந்து, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கல் சில்லாலேயே நல்ல பாத்தி கட்டியிருக்கிறது என்றான். துரை கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனாக்கத்தியை எடுத்து மஞ்சள் கோட்டைச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"தங்கம் வளையும்" என்றார். "இது உதிருது. தங்கம் இல்லை. வெறும் பளபளப்பு." கத்தியை மடித்தார். "அன்று தங்கக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவரின் தலைப்பாகை இது. எனக்கு வேறு சாட்சி வேண்டாம். கட்டிக்கொள், மேஸ்திரி. பழைய உத்தரவு அப்படியே இருக்கும்."

மேஸ்திரி கட்டிக்கொள்ளவில்லை. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க துரை. இது வெறும் கல்லு. நாளைக்கு வுழறது நெஜமாவே இருந்தா? நான் எடுக்க மாட்டேன். ஆனா என் தலப்பாக என்னைக் கேக்காம எடுத்துகினு வருதே. நாளையிலேர்ந்து என்னையும் எல்லாரையும் போல நிறுத்துங்க."

"அது உனக்குக் குறைவு இல்லையா?"

மேஸ்திரியின் முதுகு ஒரு அங்குலம்கூட வளையவில்லை. "அவுக்கச் சொல்லி அவுத்தா கொறைவு. நானே அவுத்தா அது என் மரியாத."

பிறகு ஜூடித் டீச்சர் முன்னால் போய் நின்று, கீழே கிடந்த நூல் உருளைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். "மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. "பிள்ளைங்கள நல்லா பழக்கிட்டீங்க" என்றார்.

"கொஞ்சம் அதிகமாவே பழக்கிட்டேன் போலிருக்கு, ஐயா" என்றார் டீச்சர். கண் துடைத்துக்கொண்டாலும் முகம் சிரித்தது.

பரிசு யாருக்கு என்பதில் தகராறு வந்தது. கல் காணோம் என்று முதலில் சொன்னவன் வின்னி. கொண்டுவந்தவள் பாக்கியவதி. துரை ஆளுக்கு ஒரு சிலேட்டுக் கொடுத்து, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் அவரை நிறுத்தியவள் பாக்கியவதி. தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது உங்களுது துரை. நைனா குடுக்க மறந்துட்டாரு."

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் சோதனைக் கொட்டகையில் பெரிய குழப்பம். மேஸ்திரி வரிசையில் நின்று, முறை வந்ததும் தாமாகவே அவிழ்க்க ஆரம்பித்தார். எட்டு முழம். ஒவ்வொரு சுற்றையும் நீவி, உதறி, மடித்து வைத்தால்தான் அடுத்த சுற்றுக்குப் போவார். பிறகு மறுபடியும் கட்ட வேண்டுமே. விசிறி சரியாக விரிய வேண்டும்.

"மேஸ்திரி, சோறு ஆறிப் போவுது!" என்று பின்னால் கத்தினார்கள்.

"மரியாதைக்கு நேரம் ஆவும். நில்லுங்கடா!"

வாசு கை கூப்பாத குறை. "நீங்க பழையபடியே போயிடுங்க மேஸ்திரி. உங்க காலைப் புடிக்கிறேன்."

போகவில்லை. கடைசியில் அவருக்கென்று ஒரு தனி மேசையும், உதிர்வதைப் பிடிக்க ஒரு தகரத் தட்டும் போட்டுக் கொடுத்தார்கள். கறிவேப்பிலைப் பாத்தியை இரண்டு இரும்புச் சட்டியில் அள்ளி, கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில்லுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஏதாவது இருந்ததா என்று கம்பெனியும் சொல்லவில்லை, மேஸ்திரியும் கேட்கவில்லை.

சில நாளில் கம்பி வேலிக்கு வெளியே ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. பாக்கியவதி, வின்னி, அவர்களோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மேஸ்திரி அவிழ்ப்பார், தகரத் தட்டில் டக்கு டக்கென்று சில்லுகள் விழும், பிள்ளைகள் வேலியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு எல்லாம் முதுகைத் திருப்பிக்கொள்ளும்.

"இன்னா விழுந்துச்சு?" என்று மேஸ்திரி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"கறுப்புச் சில்லு ரெண்டு! ஒண்ணு முக்கோணம்!"

"மரத்தூள்!"

"மெழுகுவத்தித் துண்டு!"

"அப்புறம்?"

ஒரு நாள் வின்னி யோசித்துச் சொன்னான்: "அரைச் சுருட்டு ஒண்ணு, மாமா."

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சுருட்டுப் பிடிப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். அவருக்குப் பின்னால் நின்ற பர்னபாஸ் மேஸ்திரி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தலப்பாகயிலயா ஒளிக்கிற?" என்றார் காத்தவராயன்.

"என் மடில மாட்டினா வீட்டுக்காரிக்குச் சேதி போயிடும். உங்கள சோதிக்க மாட்டாங்கன்னு பழைய நெனப்புல வெச்சிட்டேன் மேஸ்திரி" என்றார் பர்னபாஸ்.